மலைக்கு இந்தப் பக்கம்

‘சாந்தி நிலையம்’ 1969-இல் வெளிவந்த படம். பெரிய ஊர்களில் ஓடி முடித்து, பிரிண்ட் முழுக்கக் கோடு விழுந்த பிறகுதான் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸுக்கு வந்து சேர்ந்தது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், வயலை ஒட்டிய கீற்றுக் கொட்டகை. மேற்கேயிருந்து சாரல் காற்று அடித்தால் திரைத்துணி லேசாக உப்பும். கதாநாயகி காஞ்சனாவின் முகமும் கூடவே உப்பி அடங்கும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொண்டால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்ற விளக்கைப் போடுவார்கள். மறுபடி இருட்டாவதற்குள் முறுக்குக்காரர் ஒரு சுற்று வந்துவிடுவார்.

என்னைக் கூட்டிப் போனது அத்தை. அப்பாவின் தங்கை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. படம் விட்டு நடந்து வரும்போது சொன்னாள்: “ஏட்டி, இது வெள்ளைக்காரன் படத்துல இருந்து எடுத்த கதையாம். அதுல ஒருத்தி மலை உச்சியில நின்னு பாடுவாளாம்.”

“நம்ம மலை மாதிரியா அத்தை?”

“நம்ம மலை மாதிரி எங்க இருக்கும்? ஆனா அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

அந்த மலையைப் பார்க்கக் கிடைத்தது கல்லூரி நாளில், மதுரையில். ரீகல் தியேட்டர் அப்போது பகலில் வாசகசாலை; மாலையானால் ஆங்கிலப் படம். ‘த சவுண்ட் ஆஃப் மியூசிக்’. ராபர்ட் வைஸ் இயக்கி 1965-இல் வந்து, சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம். மேகத்துக்குள்ளிருந்து காமிரா இறங்கி இறங்கி வந்து, புல்வெளியில் கையை விரித்துச் சுழலும் ஜூலி ஆண்ட்ரூஸிடம் நிற்கிறது. அடுத்த இருக்கையிலிருந்த தோழியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மலையைப் பார்த்தவுடன் ஒருத்திக்குப் பாட வருகிறது என்பது குற்றாலத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

அன்றிலிருந்து இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வீடியோ கேசட், சிடி, இப்போது கைபேசி என்று பார்க்கும் கருவிதான் மாறியது. தமிழ்ப் படத்தை நகல் என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹாலிவுட் படமே பல கை மாறி வந்த கதைதான். மரியா வான் டிராப் 1949-இல் தன் குடும்பக் கதையைப் புத்தகமாக எழுதினார். 1956-இல் அது ஜெர்மன் படமானது. 1959-இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையிலும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாடல்களிலும் பிராட்வே நாடகமானது. அந்த நாடகத்திலிருந்துதான் இந்தப் படம். வழிநெடுக உண்மை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மரியாவின் கணவரான நிஜக் கேப்டன் படத்தில் வருவதுபோல் கடுமைக்காரர் இல்லை. மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பாட்டு இருந்தது. அவர்கள் மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்பவும் இல்லை. ரயிலேறி இத்தாலிக்குப் போனார்கள். ஆகவே, மாற்றினார்கள் என்பதற்காக ‘சாந்தி நிலைய’த்தை இயக்கிய ஜி. எஸ். மணியைக் குறை சொல்ல மாட்டேன். மாற்றியபோது எதைக் காப்பாற்றினார்கள், எதை நழுவவிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

காப்பாற்றியது நிறைய. எம். எஸ். விஸ்வநாதன் படத்தைத் தன் சொந்த மெட்டுகளால் நிரப்பினார். கண்ணதாசன் எழுதினார். கடவுள் ஒருநாள் உலகத்தைப் பார்க்கக் கிளம்பி வந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நலம் விசாரிப்பதாக ஒரு பாட்டு. குழந்தைக்கும் புரியும், பெரியவர்களுக்கு வேறொரு ஆழத்தில் புரியும். அதை அத்தை தன் வகுப்பில் பாடச் சொல்லிக் கொடுத்தாள். இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்கள், தென்காசி பஜாரில் என்னைப் பார்த்தால் டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டு என்றுதான் அதைச் சொல்கிறார்கள். ஒரு ஹாலிவுட் இசைப்படத்தைத் தமிழில் எடுக்கிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் இதுதான்: பாட்டு படத்தை விட்டு இறங்கி வீட்டுக்கு வர வேண்டும். அங்கே ராட்ஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் செய்ததை இங்கே இவர்கள் இருவரும் செய்துவிட்டார்கள்.

எஸ். பி. பாலசுப்ரமணியம் பி. சுசீலாவோடு பாடிய காதல் பாட்டும் இந்தப் படத்தில்தான். அவர் தமிழுக்குப் பாட வந்த புதிது. ‘அடிமைப் பெண்’ சில வாரம் முந்திக்கொண்டு வெளிவந்துவிட்டதால் ஊர் அவரை அந்தப் படத்துப் பாட்டில்தான் முதலில் கேட்டது. ஆனால் பதிவில் முந்தியது ‘சாந்தி நிலையம்’ பாட்டுதான். அந்தக் குரலில் இன்னும் மீசை முளைக்கவில்லை. ஜெமினி கணேசனின் பக்குவப்பட்ட முகத்துக்கு அது பொருந்தியிருக்கவே கூடாது. பொருந்தியது. பாடுபவர் வேறு, வாயசைப்பவர் வேறு என்பதைத் தமிழ் ரசிகர்கள் வெகு காலத்துக்கு முன்பே மனமார ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. ஹாலிவுட்டிலும் இரவல் குரல் உண்டு. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தில் கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் பாடியவர் பில் லீ என்ற பாடகர். ராபர்ட் வைஸ் அதற்கு முன் ஜெரோம் ராபின்ஸோடு சேர்ந்து இயக்கிய 1961-ஆம் ஆண்டு ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யில் நடாலி வுட்டுக்குப் பாடியவர் மார்னி நிக்ஸன்; படத்தில் அவர் பெயர் இல்லை. ‘மை ஃபேர் லேடி’யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் அவரே. ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த அந்தப் பெண்ணை முகத்தோடு காட்டியது ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படம்தான், கன்னிமாடத்துச் சகோதரிகளில் ஒருவராக. அதே ஆண்டுகளில் சுசீலாவின் பெயர் இங்கே டைட்டிலில் வந்தது, பாட்டுப் புத்தகத்தில் வந்தது, இலங்கை வானொலியில் பாட்டுக்குப் பாட்டு சொல்லப்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் நம் சினிமா ஹாலிவுட்டைவிட நேர்மையாக நடந்துகொண்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு மார்கஸ் பார்ட்லி. ‘மாயாபஜார்’, ‘செம்மீன்’ படங்களின் ஒளிப்பதிவாளர். 1969-ஆம் ஆண்டின் சிறந்த வண்ண ஒளிப்பதிவுக்கான தேசிய விருது ‘சாந்தி நிலைய’த்துக்காக அவருக்குக் கிடைத்தது. எங்கள் கொட்டகையில் கார்பன் குச்சி தேயத் தேய வெளிச்சம் மஞ்சளாகும். ஆபரேட்டர் குச்சியைத் திருகி நெருக்கினால் பளிச்சென்று வெளுக்கும். அந்த ஏற்ற இறக்கத்திலும் பச்சை பச்சையாகவே இருந்தது. பல வருடம் கழித்து நல்ல பிரதியில் பார்த்தபோதுதான் அவர் முகங்களில் நிழலை எவ்வளவு மென்மையாக விட்டு வைத்திருந்தார் என்பது தெரிந்தது.

இனி நழுவவிட்டது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. மனைவி இறந்தபின் பாட்டையே நிறுத்திவிட்ட வீடு அது. கேப்டன் வெளியே நின்று மரியாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து பிள்ளைகள் பாடுவது கேட்கிறது. அப்படியே உள்ளே போகிறார், வாசலில் நிற்கிறார், மெல்லத் தானும் சேர்ந்து பாடுகிறார். அந்த வீட்டின் பூட்டு அந்த நிமிடத்தில் திறக்கிறது. இரண்டாவது, கடைசியில் வரும் இசைவிழா. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டான். முன்வரிசையில் நாஜி அதிகாரிகள். கேப்டன் தன் நாட்டு மலைப்பூவைப் பற்றி ஒரு சின்னப் பாட்டுப் பாடுகிறார்; பாதியில் தொண்டை அடைக்கிறது; மரியா வந்து சேர்கிறாள், பிறகு அரங்கமே சேர்ந்து பாடுகிறது. பூவைப் பற்றிய பாட்டு நாட்டைப் பற்றிய பாட்டாகிவிடுகிறது.

தமிழ்ப் படத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் சொல்ல வருகிற பெண் இருக்கிறாள், சிடுசிடுப்பான வீட்டுக்காரர் இருக்கிறார். நாடு இல்லை. அந்த இடத்தை நிரப்ப ‘ஜேன் அயர்’ நாவலிலிருந்து மர்மத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். சார்லட் பிராண்டி 1847-இல் எழுதிய அந்த மாடி ரகசியம் நன்றாகவே ஓடும் சரக்கு. எங்கள் கொட்டகையிலும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆனால் மர்மத்துக்குப் பாட்டு தேவையில்லை. தமிழ்ப் படத்தில் ஏற்கெனவே எல்லோரும் பாடுகிறவர்கள்; காதலித்தால் பாட்டு, அழுதால் பாட்டு. அப்படிப்பட்ட சினிமாவில், பாட்டே இல்லாத வீட்டுக்குள் பாட்டு நுழைவதை ஒரு பெரிய சம்பவமாகக் காட்ட வேண்டுமானால் முதலில் மௌனத்தைக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் பாட்டில்லாமல் பார்வையாளரை ஏங்க வைக்க வேண்டும். அந்தத் துணிச்சல் படத்தில் இல்லை. 1972-இல் குல்சார் இந்தியில் ‘பரிச்சய்’ எடுத்தபோது, கண்டிப்பான தாத்தாவின் வீட்டில் பிள்ளைகள் ஸ்வரம் பாடி விளையாடுவதில் இந்தச் சங்கதியைக் கொஞ்சம் தொட்டார். அவரும் நாட்டைத் தொடவில்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது, அந்த நாடு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கிடந்தது என்பதால்தான். செங்கோட்டை தென்காசியிலிருந்து ஒரு நடை தூரம். 1911-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் அந்த ஊர்க்காரர். இருபத்தேழு வயதுக்குள் தமிழ் நாடக மேடையைக் கட்டி ஆண்டுவிட்டு 1933-இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அந்த ஊர்க்காரர். கே. பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நடித்தால் வசனத்தைவிடப் பாட்டுக்குத்தான் கூட்டம். இந்தப் பக்கம் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். பாண்டிச்சேரியை விட்டு வந்த பாரதி சென்னைக்குப் போகும் முன் இருந்த இடம். அவர் இறந்து சில வருடத்தில், 1928-இல், அவருடைய தேசிய கீதப் புத்தகங்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. பாடினால் குற்றம் என்ற நிலை ஆஸ்திரியாவுக்கு வருவதற்குப் பத்து வருடம் முன்பே நமக்கு வந்துவிட்டது.

நாடக நடிகர் விசுவநாத தாஸ் அதை மேடையிலேயே பார்த்தவர். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கிப் பாடுவார். கூட்டத்துக்குப் புரியும், காவல் நிற்கும் போலீஸுக்கும் புரியும். மேடையிலேயே கைதாகி, விடுதலையாகி, மறுபடி ஏறி அதையே பாடியவர். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிரை விட்டார். கேப்டன் டிராப் இசைவிழாவில் பாடிய காட்சியை அழ அழப் பார்த்த நாம், அதைவிடத் துணிச்சலான காட்சியை நிஜமாக வாழ்ந்தவரைப் படமாக்கத் தோன்றாமல் இருந்துவிட்டோமே.

எல்லைகூட இங்கே தயாராக இருந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அதாவது வெள்ளைக்காரன் நேரடியாக ஆண்ட மாகாணத்தின் ஓரத்தில் தென்காசி. சில மைல் தள்ளினால் சமஸ்தானம். அங்கேயும் வெள்ளைக்காரன் செல்வாக்கு உண்டுதான். ஆனாலும் மெட்ராஸ் மாகாணத்துப் போலீஸ் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாத இடம். மலையைக் குடைந்து ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் ரயில் 1904-லிருந்து ஓடியது. தப்பி ஓடும் குடும்பத்துக்கு மலையும் உண்டு, ரயிலும் உண்டு.

போன சாரலுக்குப் பேத்தி வந்திருந்தாள். அப்போதெல்லாம் குற்றாலம் போவதென்றால் தூக்குவாளியில் புளியோதரை, தலைக்குத் தேய்க்க எண்ணெய், ஒரு பஸ். இப்போது ஐந்தருவிக்குப் போகக் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகிறது. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. வெளியே போக முடியாத ஒரு மத்தியானம் பேத்தி கைபேசியைச் சுவரோரம் சாய்த்து வைத்து, ஸ்பீல்பெர்க் 2021-இல் மறுபடி எடுத்த ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யைப் போட்டாள்.

“ஆச்சி, இவங்க ஸ்பானிஷ்ல பேசுறதுக்கு மட்டும் கீழ எழுத்தே வரல, பாத்தீங்களா?”

வேண்டுமென்றே போடவில்லை. குடியேறியவர்களின் மொழியை ஆங்கிலத்துக்குக் கீழே வைக்கக் கூடாது என்பது ஸ்பீல்பெர்க்கின் தீர்மானம். பழைய படத்தில் போர்ட்டோரிக்கோப் பெண்ணாக நடாலி வுட் நடித்தார். போர்ட்டோரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோவுக்கே முகத்தில் பழுப்பு மை அப்பினார்கள். புதிய படத்தில் அந்த வேஷங்களில் லத்தீன் அமெரிக்கச் சமூகங்களைச் சேர்ந்தவர்களே நடித்தார்கள், தங்கள் குரலிலேயே பாடினார்கள். அனிடா வேஷத்துக்கு அன்று ரீட்டா மொரேனோ ஆஸ்கர் வாங்கினார், இப்போது அதே வேஷத்துக்கு அரியானா டிபோஸ் வாங்கினார். தொண்ணூறை நெருங்கிய ரீட்டாவை வேறொரு பாத்திரத்தில் வரவைத்துப் பாடவும் வைத்திருக்கிறார்கள். முதல் காட்சியே இடிபடும் தெரு. ஏழைகளின் குடியிருப்பை இடித்து அங்கே கலை மையம் கட்டப் போகிறார்கள். கதையில் வரும் இரண்டு கும்பலும் அடித்துக்கொள்ளும் தெரு இரண்டு கும்பலுக்கும் இல்லாமல் போகப் போகிறது. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. நான் ‘சாந்தி நிலைய’த்தில் தேடியது இதைத்தான்.

குறையும் உண்டு. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். கதாநாயகன் டோனிக்கு ஒரு சிறைவாசத்தைச் சேர்த்து, அதனால்தான் அவன் சண்டையிலிருந்து ஒதுங்குகிறான் என்கிறார்கள். பழைய டோனி காரணம் சொல்லாமல் கனவு கண்டான். அந்தக் கனவுக்குத்தான் பாட்டு பொருந்தியது. காரணம் தெருவுக்குப் போதும், மனதுக்கு வேண்டாம். பேத்தி ஒத்துக்கொள்ளவில்லை. “காரணம் தெரிஞ்சாத்தானே ஆச்சி பாவமா இருக்கும்?” என்றாள். சாயந்திரம் வரை பேசினோம்.

அப்போதுதான் அவளுக்குக் குற்றாலக் குறவஞ்சியைப் பற்றிச் சொன்னேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய இசைநாடகம். ராகம், தாளம் குறித்தே எழுதப்பட்டது. அவருக்குக் கிடைத்த மானிய நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். பந்தடித்துக்கொண்டிருக்கும் வசந்தவல்லி உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள். குறத்தி வருகிறாள்; வந்ததும் கையைப் பார்ப்பதில்லை. முதலில் தன் மலையைப் பாடுகிறாள். குரங்கு, மந்தி, தேன், அருவித் திவலை எல்லாம் வரும். ஜூலி ஆண்ட்ரூஸ் புல்வெளியில் சுழலுவதற்கு இருநூறு வருடத்துக்கும் முன்பே இங்கே ஒருத்தி மலையைப் பாடிக்கொண்டுதான் மேடைக்கு வந்திருக்கிறாள்.

அத்தை வருடா வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் அந்தக் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் பேசும் உரையாடலைப் போடுவாள். ஆர்மோனியப் பெட்டியில் இரண்டு கட்டை ஒலிக்காது; அந்த ஸ்வரம் வரும்போது அத்தையே வாயால் பாடி நிரப்புவாள். சிங்கனாக வரும் பெண்ணுக்குக் கண்மையால் மீசை. சிங்கியின் உடம்பில் புதிதாக மின்னும் ஒவ்வொரு நகையையும் காட்டி அவன் சந்தேகமாகக் கேட்பான். இது இன்ன நாட்டில் குறி சொல்லி வாங்கியது என்று அவள் அலட்சியமாகப் பதில் சொல்லுவாள். முன்வரிசைத் தாய்மார்கள் சிங்கியின் பதிலைக் கூடவே சொல்லுவார்கள். ருக்மிணி தேவி 1944-இல் கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அமைத்ததைப் பற்றி அத்தை பெருமையாகப் பேசுவாள். பார்க்க அவளுக்கு வாய்க்கவில்லை.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தைத் தமிழில் மறுபடி எடுக்க யாராவது வருவார்களானால் நான் கேட்பது இந்தக் கதையை. 1930-களின் குற்றாலம். குறவஞ்சி ஆடிவந்த குடும்பம், பெரியவர் போனபின் பாட்டை மூட்டை கட்டி வைத்துவிட்ட வீடு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல மேலகரத்திலிருந்து ஒருத்தி வருகிறாள். சித்திரைத் திருவிழாவில், குற்றாலநாதர் கோயில் முன்னால், சிங்கன் வயலில் இறங்கும் பறவைகளை வரிசையாகச் சொல்லும் கட்டம். முன்னால் நாற்காலியில் அதிகாரிகள். அன்றைக்கு இறங்குகிற பறவையெல்லாம் வெள்ளைப் பறவை. ஒருவர் நிறுத்த, அடுத்தவர் எடுக்க, கூட்டமே பாடுகிறது. இரவோடு இரவாகக் குடும்பம் செங்கோட்டைப் பக்கம் நடக்கிறது. இடைவேளை வரை ஒரு முழுப் பாட்டும் இருக்கக் கூடாது. குழந்தை முணுமுணுப்பது, கிணற்றடியில் பாதியில் நிறுத்துவது, இவ்வளவுதான். பாடுவது பின்னணிப் பாடகரானாலும் சரி, பெயர் பெரிதாக வரட்டும்.

படப்பிடிப்புக்கு ஆனி ஆடியில் வர வேண்டாம். பேரருவி விழும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, கூட்டமும் விடாது. தண்ணீர் வேண்டுமென்றால் ஐப்பசியில் வடகிழக்கு மழை தொடங்கிய பிறகு எடுக்கலாம். பாட்டை இடத்திலேயே பதிவு செய்யத் தைக்கு மேல் வரட்டும். அப்போது அருவி மெலிந்து, மரத்தில் குரங்கு தாவும் சத்தம்கூட மைக்கில் விழும். குறத்தி வேஷத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் சென்னையில் தேடுவதற்கு முன் இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு நாள் உட்கார்ந்து பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்கட்டும்.